வாதம் என்னும் ஒரு சொல்: மூட்டுநோய் அறிவின் வரலாறு

பம்பலப்பிட்டியிலே காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையே அமைந்த ஒழுங்கைகளிற் புகுந்து எந்த வீட்டை அடைந்தாலும், அங்கே முழங்காலைத் தடவிக்கொண்டு எழும் முதியவர் ஒருவரைக் காணலாம். நோய் யாதென வினவினால், "வாதம்" என்னும் ஒரு சொல்லே விடையாக வரும். ஆடிவேல் விழாக் காலத்திலே செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேலிரதத்தின் பின்னே நடந்து வர இயலாது, வாசலிலே நின்று கைகூப்பும் பாட்டியின் நோயும் வாதமே. காலையில் விரல்களை மடக்க முடியாமல் அடுப்பங்கரையில் வருந்தும் இளந்தாயின் நோயும் வாதமே. விருந்துண்ட இரவிலே கால் பெருவிரல் நெருப்பாய்க் கொதிக்க அலறும் வியாபாரியின் நோயும் வாதமே. தொண்டை நோவுக்குப் பின்னர் மூட்டுக்கள் வீங்கிப் படுக்கும் பள்ளிச் சிறுவனின் நோயையும் அச்சொல்லாலேயே வழங்குவர்.

இந்நால்வருடைய நோய்களும் நான்கு வேறு நோய்கள்; காரணம் வேறு, பரிகாரம் வேறு, முடிவும் வேறு. ஒரு பெயருக்குள் ஒளிந்திருந்த பல நோய்களை மனிதர் ஒன்றொன்றாகப் பிரித்தறிந்த கதையே மூட்டுநோயின் வரலாறு.

பண்டைத் தமிழர் இந்நோயைக் கவனியாது விட்டவரல்லர். திருக்குறளிலே "மருந்து" என்பது 95ஆம் அதிகாரம். நூலோர் எண்ணிய மூன்றனுள் வளியை முதலில் வைத்து, அவை மிகினும் குறையினும் நோய் உண்டாகும் என்ற கருத்தை அவ்வதிகாரம் கூறுகின்றது. வளி என்பதும் வாதம் என்பதும் ஒன்றே. உடலின் இயக்கம் அனைத்துக்கும் வளியே காரணம் என்று கொண்டமையால், இயக்கம் தடைப்படும் மூட்டுநோயை அதன் கேட்டினால் வந்ததாகக் கருதியது இயல்பே. சித்த வைத்திய மரபிலே யூகி முனிவர் பெயரால் வழங்கும் நூல் வாதநோய்களை எண்பதாக வகுத்துள்ளது. வடமொழி மருத்துவத்திலும் சரகர் வாதரக்தம் என்னும் நோயைத் தனியாகக் கூறினார். பின்வந்த மாதவநிதானம் ஆமவாதம் என்பதைத் தனி அதிகாரமாகப் பிரித்தது. சொல் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று என்னும் உணர்வு அப்பழங்காலத்திலேயே தோன்றிவிட்டது என்பதற்கு இவை சான்றாகும்.

இலங்கையின் கல்லும் இதற்குச் சான்று பகரும். மிகிந்தலை மலையடியிலே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்தியசாலை ஒன்றின் இடிபாடு உண்டு. அங்கே மனித உடல் கிடத்தற்கேற்ற வடிவிலே குடைந்த கற்றொட்டி ஒன்று இன்றும் காணப்படுகின்றது. எண்ணெயும் மூலிகைக் கஷாயமும் நிறைந்த அத்தொட்டியிலே நோயாளரைக் கிடத்திப் பரிகாரஞ் செய்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நொந்த மூட்டுக்கு வெப்பமும் எண்ணெயும் ஆறுதல் தரும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவினர் அறிந்திருந்தனர். ஆயினும் ஆறுதல் வேறு, நோயை நிறுத்துதல் வேறு. அந்த இரண்டாவது படியை அடைய உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மேனாட்டாரும் இவ்வகையிலே நம்மவரின் வேறுபட்டவரல்லர். "ரூமட்டிசம்" என்று அவர்கள் வழங்கும் சொல், ஒழுகுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தீய நீர் ஒன்று உடலினுள் ஒழுகி மூட்டுக்களிலே தங்குவதால் நோய் உண்டாகின்றது என்பது அவர்கள் கொள்கை. கிழக்கிலே காற்று, மேற்கிலே நீர். காரணம் கண்ணுக்குப் புலனாகாத காலத்திலே அறிஞர் கற்பனையின் துணையை நாடியது ஒரு குறையன்று. பாரிஸ் மாநகரின் வைத்தியராகிய பாயூ என்பவர், 1642இல், அவர் இறந்த பின்னர் வெளியான நூலிலே, மூட்டுக்களை வருத்தும் ரூமட்டிசத்தை வேறு நோய்களினின்றும் பிரித்துக் கூறினார். ஆங்கில வைத்தியர் தோமஸ் சிடனம் நெடுங்காலம் தாமே கௌட் என்னும் நோயால் வருந்தியவர். 1683இல் அந்நோயைப் பற்றித் தனி நூல் எழுதினார். நள்ளிரவிலே பெருவிரலில் எழும் அந்நோவைத் தம் அனுபவம் கொண்டே அவர் விவரித்தமையால், வேறு மூட்டுநோய்களோடு அதனை மயங்காது பிரிக்க வழி பிறந்தது.

1800ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் லாந்திரே-பொவே என்னும் இளம் வைத்தியர் தம் பட்ட ஆய்விலே, பெரும்பாலும் பெண்களைப் பற்றி, பல மூட்டுக்களை ஒருங்கே தாக்கி, மெல்ல மெல்ல முடமாக்கும் நோய் ஒன்றை எடுத்துரைத்தார். இதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டியவர் லண்டன் வைத்தியர் அல்பிரட் கறொட் ஆவர். அவர் 1848இல் கௌட் நோயாளரின் இரத்தத்திலே யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். அவர் கையாண்ட முறை மிக எளியது. இரத்தத்தினின்று பிரிந்த தெளிநீரிலே சிறிது அமிலம் கலந்து, அதனுள் ஒரு நூலிழையை இட்டு வைப்பார். யூரிக் அமிலம் மிகுந்திருந்தால் நூலிலே பளிங்குத் துகள்கள் படியும். வெறுங்கற்பனையாயிருந்த தீய நீர் முதன்முறையாகக் கண்ணாற் காணும் பொருளாயிற்று. யூரிக் அமிலம் மிகாத மற்றை நோயை அவர் 1859இல் "ரூமட்டொயிட் ஆர்திரைற்றிஸ்" எனப் பெயரிட்டுப் பிரித்தார். தமிழில் இன்று முடக்குவாதம் எனப்படுவது இதுவே.

கறொட் லண்டனிலே ஆராய்ந்த அதே காலத்திலே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வேறொரு பணி நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயிலே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அறுபதுக்கு மேற்பட்ட மாணவரை அவர் வைத்தியராக்கினார். 1860களிலே போதனாமொழியைத் தமிழாக்கினார். உடற்கூறு, இரண வைத்தியம், பொது வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிலே பெருநூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழாக்கப்பட்டன. 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் அவற்றுள் ஒன்று. எலும்பு எவ்வாறு எலும்போடு பொருந்துகின்றது, அவற்றைப் பிணிக்கும் நார்கள் எவை என்பனவற்றைத் தமிழ் மாணவர் தம் தாய்மொழியிலேயே கற்றனர். மூட்டினுள் நிகழ்வது யாதென்று தமிழிற் சொல்ல இயலாத நிலை அன்றோடு நீங்கியது.

அவ்வறிவின்படி மூட்டு என்பது வெறுங் கீல் அன்று. இரண்டு எலும்பு முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்துள்ளது. அதனைச் சூழ்ந்த பையின் உட்புறத்தே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது சுரக்கும் நீர், வண்டி அச்சுக்கு எண்ணெய் போல உராய்வைக் குறைக்கின்றது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தியும் விரிந்தும், அந்நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகின்றது. ஆகவே அசையாத மூட்டுப் பட்டினி கிடக்கும் மூட்டாகும். முதுமையில் வரும் மூட்டுத் தேய்விலே பழுதடைவது முதலிற் குருத்தெலும்பு. முடக்குவாதத்திலே, உடலைக் காக்க வேண்டிய காவற்படையே நெறி தவறி மூட்டின் சவ்வைத் தாக்குகின்றது. கௌட் நோயிலே யூரிக் அமிலப் பளிங்குகள் மூட்டினுள் ஊசிபோல் விளைகின்றன. பெயர் ஒன்றானாலும் போர்க்களங்கள் மூன்று.

சிறுவருக்கு வரும் வாதக் காய்ச்சல் இவற்றினும் வஞ்சகமானது. தொண்டையைத் தாக்கும் ஒருவகை நுண்கிருமியால் இரண்டு மூன்று வாரங்களின் பின் மூட்டுக்கள் வீங்கும். ஒரு மூட்டிலே தோன்றி மற்றொன்றுக்குத் தாவும். பின்னர் மூட்டுக்கள் முற்றாகக் குணமாகும். பெற்றோர் மகிழ்வர். ஆனால் நோயோ இதயத்தின் வால்வுகளைப் பழுதாக்கியிருக்கக்கூடும். நெருக்கமான குடியிருப்புக்கள் மலிந்த நகரங்களிலே இளவயதினர் பலர் இதய நோயாளராய் மாண்டமைக்கு இது காரணமாயிருந்தது. பெனிசிலின் மருந்து பரவிய பின்னர், தொண்டை நோயை உடன் மாற்றுவதாலும், ஒருமுறை நோயுற்ற சிறுவருக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி மருந்தை நெடுங்காலம் தொடர்வதாலும் இதயத்தைக் காக்க வழியேற்பட்டது. சிறுவன் மூட்டு நோகிறது என்றால், வளரும் நோவு என்று தள்ளிவிடாது வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதற்கு இவ்வரலாறே காரணம்.

முடக்குவாத வரலாற்றிலே 1948ஆம் ஆண்டு மறக்கத்தகாதது. அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையிலே பிலிப் ஹென்ச் என்பவர், மஞ்சட் காமாலை வந்த முடக்குவாத நோயாளருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மூட்டுநோய் தணிவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் நோயை அடக்குகின்றது என்று அவர் ஊகித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில், நடக்க இயலாதிருந்த இளம்பெண் ஒருவருக்கு, பின்னர் கோட்டிசோன் எனப் பெயர்பெற்ற மருந்து ஏற்றப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது. 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வியப்பின் பின்னே வருத்தமும் வந்தது. மருந்தை நெடுநாள் மிகுதியாக உண்டோருக்கு முகம் பருத்தது, எலும்பு மெலிந்தது, இரத்தத்திற் சர்க்கரை ஏறியது, நிறுத்தியதும் நோய் திரும்பியது. நோவைத் தணிப்பதும் நோயைத் தீர்ப்பதும் ஒன்றல்ல என்னும் உண்மையை உலகம் மறுபடியும் கற்றது. இப்பாடம் பழங்கதையாகிவிடவில்லை. உள்ளே யாதுளது என்று எழுதப்படாத பொடிகளையும் குளிசைகளையும் "ஒரே வாரத்தில் வாதம் பறக்கும்" என்னும் வாக்கை நம்பி வாங்குவோர் இன்றும் உளர். அவ்வகைப் பொடிகள் பலவற்றிலே இத்தகைய மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தமை பல நாடுகளிலே பரிசோதனையில் வெளிப்பட்டுள்ளது. நீரிழிவு மலிந்த கொழும்பு மாநகரில் இதனால் விளையும் கேடு சொல்லாமலே விளங்கும்.

உண்மையான திருப்பம் வேறொரு வாயிலாக வந்தது. அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்திலே 1895இல் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியிலே கற்று, அந்நகரின் ஆயுர்வேதக் கல்லூரியிலே உடற்கூறு கற்பித்து, 1923இல் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லே ஆய்வுகூடத்திலே அவர் நடத்திய குழு போலிக் அமிலத்தை ஆக்கியது. பின்னர் அதன் செயலைத் தடுக்கும் பொருள்களையும் படைத்தது. அவை முதலிற் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை எதிர்க்கப் பயன்பட்டன. 1948இல் சுப்பாராவ் மறைந்தார். 1951இல் அவ்வகை மருந்து ஒன்று முடக்குவாதத்தைத் தணித்ததென அறிவிக்கப்பட்டும், கோட்டிசோனின் பேரொளியிலே அச்செய்தி மங்கியது. 1980களிலேதான் அக்குடும்பத்தைச் சேர்ந்த மெதொட்றெக்சேற் முறையாகப் பரிசோதிக்கப்பட்டு, 1988இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கென அனுமதி பெற்றது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் உண்ணும் அம்மருந்து இன்று உலகெங்கும் இந்நோயின் முதன் மருந்தாக விளங்குகின்றது. நாள்தோறும் தவறி உண்டால் உயிருக்கே ஆபத்தாகும். 1992இல் லண்டனிலே, இந்தியாவிற் பிறந்த ரவீந்தர் மெய்னியும் மார்க் பெல்ட்மனும் அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளையே தடுக்கும் புதுவகை மருந்தை நோயாளரிடம் முதன்முதலிற் பரிசோதித்தனர்.

இம்மருந்துகளோடு ஒரு புது அறிவும் வந்தது. முடக்குவாதம் மூட்டைச் சிதைப்பது கடைசிக் காலத்தில் அன்று. தொடக்க மாதங்களிலேயே சிதைவு ஆரம்பிக்கின்றது. முதற் சில மாதங்களுள் மருந்து தொடங்கினால் கை நிலைக்கும். தவறினால் போன வடிவு மீளாது. வாதந்தானே என்று எண்ணெய் பூசிக் காத்திருக்கும் காலமே விரல்களைக் கோணலாக்கும் காலமாகின்றது.

கொழும்பு நகரம் இவ்வரலாற்றிலே வெறும் பார்வையாளராய் நிற்கவில்லை. 1952இல் தங்கனிக்கா நாட்டின் மக்கொண்டே மேட்டு நிலத்திலே ஒரு காய்ச்சல் பரவியது. மூட்டுநோவால் உடல் வளைந்து நின்ற நோயாளரைக் கண்ட அந்நாட்டு மக்கள், வளைந்துபோதல் என்னும் பொருளில், தம் மொழியிலே சிக்குன்குனியா என்றனர். நுளம்பு கடிப்பதாற் பரவும் அந்நோய் 1963இல் கல்கத்தாவையும், அடுத்த ஆண்டு சென்னையையும் தாக்கி, 1965இல் இலங்கையை அடைந்தது. டெங்கை ஒத்த காய்ச்சல் என்றே முதலிற் கருதப்பட்டது. பின்னர் நோய் அடங்கியது. ஒரு தலைமுறை அதனை மறந்தது.

2004இல் கென்யக் கரையிலே அந்நோய் மீண்டும் எழுந்தது. றியூனியன் தீவிலே மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை வீழ்த்தியது. 2006இல் இந்தியாவிலே 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர் எனக் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கல்முனை, புத்தளம், கொழும்பு என இலங்கையிலும் பரவியது. அவ்வாண்டு ஓகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டமையால், யாழ்க்குடாநாட்டு மக்கள் பொருட் பஞ்சத்தின் நடுவே இந்நோவையும் சுமந்தனர். காய்ச்சல் சில நாள்களில் நீங்கியது. ஆனால் மணிக்கட்டும் கணுக்காலும் விரல்களும் நீங்காது நொந்தன. பெரும்பாலோர் வாரங்களிற் குணமடைந்தனர். ஒரு பகுதியினர் மாதக் கணக்கில், சிலர் ஆண்டுக் கணக்கில், வருந்தினர். 2024இன் இறுதியிலிருந்து 2025இலும் அந்நோய் மறுபடியும் கொழும்பு, கம்பஹா, கண்டி மாவட்டங்களிலே தலைதூக்கியது.

இதிலிருந்து பெறும் பாடம் இரண்டு. பூச்சாடித் தட்டிலும் வீசிய சிரட்டையிலும் தேங்கிய நீரை அகற்றுவதும் மூட்டைக் காக்கும் வைத்தியமே. வீட்டினுள்ளும் வீட்டைச் சுற்றியும் வளரும் நுளம்பே மூட்டைத் தாக்கும் கிருமியைச் சுமந்து வருகின்றது. இரண்டாவது, இத்தகைய காய்ச்சலிலே டெங்கு அன்று என உறுதியாகும்வரை, மூட்டுநோவுக்கென அஸ்பிரின் முதலிய மருந்துகளை உண்ணலாகாது; அவை இரத்தப்போக்கை உண்டாக்கும். பரசிற்றமோலே ஏற்றது.

எஞ்சியுள்ளது முதியோரின் மூட்டுத் தேய்வு. 1962இல் இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையிலே ஜோன் சான்லி, உருக்குப் பந்தும் வழுவழுப்பான பொலிதீன் கிண்ணமுங் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தி, அது நிலைத்து உழைக்கச் செய்தார். இன்று முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சை கொழும்பிலும் நடைபெறுகின்றது. ஆயினும் அது கடைசிப் படி. அதற்கு முன்னுள்ள படிகள் மலிவானவை. உடலெடையில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகின்றதென அமெரிக்க ஆய்வொன்று கண்டது. தொடைத் தசை வலுத்தால் முழங்கால் அதிர்ச்சி தாங்கும். கதிரையில் அமர்ந்தபடியே காலை நேராக நீட்டிச் சிறிது நேரம் நிறுத்தி இறக்கும் பயிற்சிக்குப் பணம் வேண்டியதில்லை. பம்பலப்பிட்டிக் கடற்கரையோரம் காலையிலும் மாலையிலும் நடப்பது, தேய்ந்த மூட்டை மேலும் தேய்க்கும் என்று அஞ்சவேண்டியதில்லை. அளவான நடையே குருத்தெலும்புக்கு உணவு.

பாட்டியின் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி எறியவேண்டும் என்பது இவ்வரலாற்றின் முடிவன்று. தேய்ந்த முழங்காலுக்கு இளஞ்சூடான எண்ணெயும் ஒத்தடமும் இன்றும் இதந்தரும். 1929இல் பொரளையிலே தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றையும் கற்பித்தது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த வைத்தியத் துறை தோன்றியது. வேண்டியது வைத்தியங்களுக்கிடையே பகையன்று. நோயை நோயினின்று பிரித்தறியும் விழிப்பேயாம். சிவந்து கொதிக்கும் மூட்டைப் பிசைந்து உருவலாகாது. ஒரே மூட்டு திடீரென வீங்கிக் காய்ச்சலும் உடன் வந்தால், அது கிருமி புகுந்த மூட்டாயிருத்தல் கூடும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுக்கள் ஆறு வாரமாய் வீங்கியிருந்தால், அது முதுமையின் தேய்வு என்று எண்ணி வாளாவிருத்தல் தகாது.

மிகிந்தலைக் கற்றொட்டியிலே கிடந்த நோயாளருக்கும் இன்று கொழும்பு வைத்தியசாலை வாங்கில் அமர்ந்திருப்போருக்கும் நோவு ஒன்றே. அன்று இல்லாதது, இது எந்த நோவு என்று கேட்டு விடை பெறும் வாய்ப்பு. அவ்விடையை நூற்றாண்டுகள் உழைத்துத் தேடித் தந்துள்ளனர். வாதம் என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், எந்த வாதம் என்று காலத்தில் வினவுவதே, பிள்ளைக்குச் சோறூட்டும் கையையும் கோயிலுக்கு நடக்கும் காலையும் காப்பாற்றும்.